சுகர் மாத்திரை பற்றி இன்று ஒரு செய்தி, நாளை அதற்கு நேர் எதிரான செய்தி: ஏன் இப்படி?

2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரையின் காப்புரிமை இந்தியாவில் முடிந்தது. அதுவரை ஒரு மாத்திரை 60 ரூபாய் அளவில் விற்றது, பல கம்பெனிகள் சொந்தப் பெயரில் இறக்கியதும் 10 ரூபாய்க்கும் கீழே கிடைக்க ஆரம்பித்தது. மாதம் 1,800 ரூபாய்க்கு எங்கே போவது என்று இதை விட்டுவிட்ட சேலத்துக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளிக்கும், ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலைக்குப் போகிறவருக்கும் இப்போது அது எட்டுகிற விலையில் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் மாத்திரை வந்த வேகத்திலேயே வாட்ஸ்அப் ஆடியோக்களும் வந்துவிட்டன. இது கிட்னியைக் காப்பாற்றும் என்கிறது ஒன்று. உடம்பில் அமிலத்தைச் சேர்த்து ஆளையே கொன்றுவிடும் என்கிறது இன்னொன்று. இரண்டுமே "ஆய்வில் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்றுதான் ஆரம்பிக்கின்றன.

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் சிக்கல். ஒரு மருந்து கடைக்கு வந்த பிறகு, லட்சக்கணக்கானவர்கள் அன்றாடம் அதைச் சாப்பிடும்போது என்ன ஆகிறது என்று பார்ப்பது தனியான ஆராய்ச்சித் துறை. அது எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் சறுக்கும் என்று தெரிந்துகொண்டால் இந்தச் செய்திகளில் பாதியை நாமே எடைபோடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் இன்டியாப் என்ற ஆய்வு 2023-இல் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் எல்லையில் நிற்கிறார்கள். அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் இந்த மாத்திரைகளை நம்பி இருக்கிறார்கள், அதனால் இது டாக்டர்கள் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதும் என்கிற விஷயம் இல்லை.

## மாத்திரை கடைக்கு வரும் நாளில் அதைப் பற்றி எவ்வளவு தெரியும்?

புது மருந்து ஒன்றுக்கு அனுமதி வாங்க, குலுக்கல் முறையில் சோதனை நடத்த வேண்டும். சம்மதித்தவர்களை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள், யார் எந்தக் குழு என்பதை டாக்டரோ நோயாளியோ முடிவு செய்ய முடியாது, கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். ஒரு குழுவுக்குப் புது மருந்து, இன்னொன்றுக்குப் பழைய மருந்து அல்லது வெறும் மாத்திரை. குலுக்கிப் போட்டதால் இரண்டு குழுவிலும் வயது, எடை, வசதி, பழக்கவழக்கம் எல்லாம் ஏறக்குறைய சமமாகிவிடும். பிறகு ஒரு வித்தியாசம் தெரிந்தால் அது மருந்தால்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். இதைவிட நம்பகமான வழி மருத்துவத்தில் இன்னும் வரவில்லை.

ஆனால் இதற்கு இரண்டு பெரிய குறைகள் உண்டு.

1. எண்ணிக்கை போதாது. ஒரு கெட்ட விளைவு பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது மருந்தை 3,000 பேருக்குக் கொடுத்துப் பார்த்தால் அவர்களில் ஒருவருக்குக்கூட அது வராமல் போவதற்கு 74 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒரு தடவையாவது அது கண்ணில் படும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல 30,000 பேர் வேண்டும். அப்போதும் பார்ப்பது ஒரே ஒரு கேஸாகவே இருக்கலாம், அது மருந்தால் வந்ததா தானாக வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

2. ஆட்கள் நம்மைப் போல இல்லை. சோதனைகளில் பெரும்பாலும் மிக வயதானவர்கள், கிட்னி மோசமானவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே பத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எல்லாம் விலக்கப்படுவார்கள். சேர்ந்தவர்களுக்கு மாத்திரை இலவசம், போன் செய்து நினைவூட்ட ஆள் இருக்கும், குறித்த தேதியில் ரத்தப் பரிசோதனை நடக்கும்.

சங்ககிரியில் லாரி ஓட்டுகிறவரை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தால் சாப்பாடு எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்று அவருக்கே தெரியாது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், அப்போதுதான் சுகர் லோ ஆகும். 2019-இல் முடிவு வெளியான கரோலினா என்ற சோதனையில் லினாகிளிப்டின் என்ற இன்னொரு சுகர் மாத்திரையையும் கிளிமிபிரைடையும் ஆறாயிரம் பேரிடம் ஒப்பிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் லோ சுகர் லினாகிளிப்டின் குழுவில் 10.6 சதவீதம் பேருக்கும் கிளிமிபிரைடு குழுவில் 37.7 சதவீதம் பேருக்கும் வந்தது. கவனித்துப் பார்த்துக்கொள்ளும் சோதனைக்குள்ளேயே இந்த அளவு என்றால் நெடுஞ்சாலையில் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சோதனையில் பதில் இல்லை. (அதற்காக கிளிமிபிரைடு கெட்ட மருந்து ஆகிவிடாது. மலிவானது, பல கோடிப் பேரின் சுகரை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. யாருக்கு, எந்த வேளைக்கு, எவ்வளவு டோஸ் என்பதுதான் கேள்வி.)

இன்சுலினும் அப்படித்தான். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீரில் வைத்துச் சமாளிக்கிறார்கள், சேர்வராயன் மலைக் கிராமத்துக்காரர் சேலத்தில் வாங்கிப் பையில் போட்டுப் பஸ் மாறி மாறி எடுத்துப் போகிறார். எந்தச் சோதனையிலும் இந்தப் பயணம் இல்லை.

சோதனையில் தெரியும் பலனுக்கும் வெளியே கிடைக்கும் பலனுக்கும் எவ்வளவு இடைவெளி? அமெரிக்காவில் 2017-இல் ஒரு கணக்கு வந்தது. சுகருக்குப் போடும் ஜிஎல்பி-1 வகை ஊசிகள் சோதனைகளில் சுகரின் மூன்று மாதச் சராசரியை, அதாவது ஹெச்பிஏ1சி அளவை, 1.3 புள்ளி குறைத்திருந்தன. அதே ஊசிகளை வழக்கமான சிகிச்சையில் போட்டுக்கொண்டவர்களிடம் குறைந்தது 0.52 தான். இந்த இடைவெளியில் முக்கால் பங்குக்குக் காரணம், மருந்தை ஒழுங்காகத் தொடராததுதான் என்று கணக்குப் போட்டார்கள். விலை, வாந்தி, ஊசி பயம், மறதி என்று தொடராததற்கு ஆயிரம் காரணம் இருக்கும். மருந்து அதேதான், கிடைத்த பலன் பாதிகூட இல்லை.

## கடைக்கு வந்த பிறகு மாட்டிக்கொண்டவை

விற்பனைக்கு வந்த பிறகு திரும்பப் பெறப்பட்ட சுகர் மாத்திரைகள் கொஞ்சநஞ்சம் இல்லை. ஃபென்ஃபார்மின், இன்று பரவலாகக் கொடுக்கும் மெட்பார்மின் மாத்திரைக்கு அண்ணன் முறை, ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைச் சேர்த்ததால் 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் போனது. இந்தியாவில் அதைத் தடை செய்ய 2003 ஆனது. ட்ரோகிளிட்டசோன் அமெரிக்காவுக்கு 1997-இல் வந்தது, கல்லீரல் செயலிழந்து ஆட்கள் இறந்ததால் 2000-இல் போனது.

ரோசிகிளிட்டசோன் கதைதான் விதிகளையே மாற்றியது. 1999-இல் வந்த மாத்திரை, சுகரை நன்றாகக் குறைத்தது. 2007-இல் நிஸ்ஸன், வோல்ஸ்கி என்ற இருவர் 42 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, மாரடைப்பு அபாயம் 43 சதவீதம் கூடுதல் என்று எழுதினார்கள். 2010-இல் ஐரோப்பா நிறுத்தியது, இந்தியா தடை செய்தது, அமெரிக்கா கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பிறகு ஒரு பெரிய சோதனையின் தரவை மறுபடி அலசியதில் அபாயம் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை என்று 2013-இல் அமெரிக்கா கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. இதற்கு நடுவே, பாதுகாப்புத் தரவை அரசுக்கு முழுதாகக் கொடுக்கவில்லை என்ற குற்றத்தைத் தயாரித்த நிறுவனமான கிளாக்ஸோஸ்மித்க்லைன் 2012-இல் ஒப்புக்கொண்டது. சுகரைக் குறைத்தால் மட்டும் போதாது, இதயத்துக்குக் கெடுதல் இல்லை என்றும் காட்ட வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் கேட்க ஆரம்பித்தது இந்தக் கலவரத்தால்தான். அப்படிக் கேட்டதால் நடந்த சோதனைகளில்தான் எம்பாகிளிஃப்ளோசின் இதயத்துக்கு நல்லது செய்கிறது என்ற, யாரும் எதிர்பார்க்காத செய்தி 2015-இல் கிடைத்தது.

## பயோகிளிட்டசோன்: நம் ஊரில் நடந்த குழப்பம்

இந்த ஒரு மாத்திரையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் முழுத் துறையும் இதற்குள் இருக்கிறது.

ஆண் எலிகளுக்குக் கொடுத்தபோது சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது. மனிதர்களுக்கும் வருமா என்று பார்க்க, அமெரிக்காவின் வட கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்ட்டே என்ற மருத்துவ அமைப்பின் பதிவுகளை வைத்துப் பத்தாண்டு ஆய்வு ஒன்று தொடங்கியது. பாதி வழியில், 2011-இல், ஒரு இடைக்கால முடிவு வந்தது: மொத்தமாகப் பார்த்தால் ஆபத்து இல்லை, ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்று 40 சதவீதம் கூடுதல். அதே வருடம் ஜூனில் பிரான்ஸ் தன் நாட்டுக் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தியது. இந்தியா 2013 ஜூனில் நிறுத்தியது. இங்கே மலிவு மாத்திரை என்பதால் லட்சக்கணக்கானவர்கள் அதில் இருந்தார்கள், டாக்டர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், ஜூலை முடிவதற்குள் எச்சரிக்கைக் கட்டம் போட்டு விற்கலாம் என்று அனுமதி திரும்பி வந்தது. ஆறு வாரத்தில் தடை, பிறகு அனுமதி. அந்த நாட்களில் மாத்திரையை மாற்றி, சுகர் எகிறி, பிறகு பழையபடி மாற்றிக்கொண்டவர்களுக்கு யாரும் ஒழுங்காக விளக்கவில்லை, அந்தக் கோபம் நியாயமானது.

இனிமேல்தான் முக்கியமானது. 2015-இல் கலிபோர்னியா ஆய்வு முடிந்தது: 1,93,099 பேர், அபாய விகிதம் 1.06, அதாவது 6 சதவீதம் கூடுதல், தற்செயலிலிருந்து பிரிக்க முடியாத வித்தியாசம். அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். 2016-இல் பிரிட்டனின் குடும்ப மருத்துவர் பதிவுகளை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது: 1,45,806 பேர், 63 சதவீதம் கூடுதல் அபாயம். ஒரே மாத்திரை, இரண்டு பெரிய ஆய்வு, இரண்டையும் செய்தவர்கள் நேர்மையானவர்கள், பதில் மட்டும் வேறு வேறு. இரண்டையும் வைத்துக்கொண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016 டிசம்பரில் "தொடர்பு இருக்கலாம்" என்று எழுதியது.

63 சதவீதம் என்று படித்ததும் பயம் வரும். அதே பிரிட்டன் ஆய்வில் உள்ள மற்ற எண்ணைப் பாருங்கள். வேறு சுகர் மருந்து சாப்பிட்ட ஒரு லட்சம் பேரை ஒரு வருடம் கவனித்தால் சுமார் 89 பேருக்கு அந்தப் புற்று, பயோகிளிட்டசோன் சாப்பிட்டவர்களில் சுமார் 121 பேருக்கு. வயது, புகைப்பழக்கம் போன்றவற்றைக் கழித்துச் சரிசெய்த பிறகு வருவதுதான் 63 சதவீதம். லட்சத்துக்கு முப்பது சொச்சம் பேர் என்பது சின்ன எண்ணும் இல்லை, அந்த முப்பது பேர் வீட்டில் அது முழுத் துயரம். ஆனால் பயோகிளிட்டசோன் சாப்பிடும் ஒருவர் இதைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டியது கால் வீக்கம், இதயத்தில் நீர்ச்சுமை, எலும்பு முறிவு ஆகியவற்றுக்கு. அவை பல மடங்கு அதிகம் நடப்பவை, செய்தியில் வருவதோ குறைவு. சிறுநீரில் ரத்தம் போனால் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்ற ஒரு வரி அந்தச் செய்திகள் எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது.

## வெளியுலகத் தரவு எங்கிருந்து வருகிறது?

மூன்று இடங்கள்தான் முக்கியம்.

1. தாமாக வரும் புகார்கள். டாக்டரோ நோயாளியோ "இந்த மருந்துக்குப் பிறகு இப்படி ஆனது" என்று எழுதி அனுப்புவது. எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, கிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் ஆபத்து இப்படித்தான் வெளியே வந்தது. வெறும் 20 புகார்கள், அதைப் பார்த்தே 2015 மே மாதத்தில் அமெரிக்கா எச்சரித்தது. இதில் எத்தனை பேர் மருந்தைச் சாப்பிட்டார்கள் என்ற மொத்தக் கணக்கு கிடையாது, அதனால் இது மணி அடிக்கும், தீர்ப்பு சொல்லாது.

2. காப்பீட்டுக் கம்பெனிகளின் பில் பதிவுகள். யார் எந்த மருந்தை எப்போது வாங்கினார், எப்போது ஆஸ்பத்திரியில் சேர்ந்தார் என்று தெரியும். ஹெச்பிஏ1சி எவ்வளவு, சிகரெட் பிடிப்பாரா என்பது பெரும்பாலும் தெரியாது.

3. மருத்துவமனைப் பதிவுகளும் நாட்டுப் பதிவேடுகளும். டென்மார்க்கில் 1968-இலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. மருந்துக் கடை, மருத்துவமனை, இறப்புப் பதிவு எல்லாவற்றையும் அந்த எண்ணை வைத்து இணைத்துவிடலாம்.

இங்கே நிலைமை வேறு. சேலத்தில் ஒருவர் இந்த மாதம் ஜி.எச்.-இல் மாத்திரை வாங்குவார், அடுத்த மாதம் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்குவார், முடியாதபோது தனியார் கிளினிக் போவார், மக்கள் மருந்தகத்தில் வேறு கம்பெனி மாத்திரை கிடைக்கும், நடுவில் யாரோ சொன்ன நாட்டு மருந்துப் பொடியும் சேரும். எதுவும் எதோடும் இணையவில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் வீட்டுக்கே போய் பிபி, சுகர் மாத்திரை கொடுக்கிறது. யாருக்கு என்ன மாத்திரை, சுகர் எவ்வளவு என்று அந்தத் திட்டத்தில் சேரும் விவரத்தைப் பெயரை நீக்கி, ஆஸ்பத்திரிச் சேர்க்கைகளோடு ஒப்பிட்டு ஆராய முடிந்தால் உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காத பதில்கள் கிடைக்கும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏன் நமக்கென்று தரவு வேண்டும்? டெனிலிகிளிப்டின் என்ற சுகர் மாத்திரை ஒன்றே உதாரணத்துக்குப் போதும். ஜப்பானில் 2012-இல் அனுமதி பெற்று 2015-இல் இந்தியாவுக்கு வந்தது, மலிவு என்பதால் மளமளவென்று பரவியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதற்கு அனுமதி கிடையாது, அதனால் அவர்களுடைய மாபெரும் பதிவுகளில் இந்த மருந்தே இருக்காது. நாம் பார்க்காவிட்டால் நமக்காக அவர்கள் பார்க்கப் போவதில்லை. இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த கூட்டு மாத்திரைகளும் அப்படித்தான். 2018-இல் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது அந்தப் பட்டியலில் சுகர் மாத்திரைகளும் இருந்தன, அவை அதற்கு முன் பல வருடம் விற்றவை.

## பெரிய தரவு எப்படி ஏமாற்றும்?

லட்சம் பேர், பத்து லட்சம் பேர் என்றால் உண்மை தானாக வந்துவிடும் என்று தோன்றும். வராது. குலுக்கிப் போடாத தரவில் எண்ணிக்கை கூடக் கூடத் தவறும் உறுதியாகிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியது: யாரோடு ஒப்பிட்டார்கள், எந்த நாளிலிருந்து எண்ணினார்கள்?

1. மருந்தை யாருக்குக் கொடுத்தார்கள்? "இன்சுலின் போட ஆரம்பித்தார், இரண்டே வருடத்தில் கிட்னி போய்விட்டது." எல்லா ஊரிலும் இந்தப் பேச்சு உண்டு. இன்சுலினுக்கு மாற்றப்படுகிறவர் யார்? பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் சர்க்கரை நோயோடு இருந்து, மாத்திரைகள் பலிக்காமல் போனவர். கிட்னி அதற்கு முன்பே சேதமாக ஆரம்பித்திருக்கும். அவரை நேற்றுச் சுகர் கண்டுபிடித்து மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவரோடு ஒப்பிட்டால் இன்சுலின்தான் குற்றவாளி போலத் தெரியும். மெட்பார்மின் கிட்னியைக் கெடுக்கிறது என்ற வதந்திக்கும் பாதி வேர் இங்கேதான். கிட்னியின் வடிகட்டும் திறன் மிகவும் குறைந்தவர்களுக்கு, அதாவது ரிப்போர்ட்டில் eGFR என்று வரும் எண் 30-க்குக் கீழே போனால், டாக்டர்கள் மெட்பார்மினை நிறுத்துகிறார்கள். அது கிட்னியைக் கெடுத்தது என்பதற்காக இல்லை, வெளியேற வழியில்லாமல் உடம்பில் தேங்கும் என்பதற்காக. நிறுத்தியதைப் பார்த்தவர்கள் காரணத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

2. எந்த நாளிலிருந்து எண்ணினார்கள்? ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். இருபதாவது வளைவைத் தாண்டி வந்த ஓட்டுநர்களுக்கு மட்டும் ஒரு காபி கொடுத்துவிட்டு, "காபி குடித்தவர்கள் யாருக்கும் மலைப்பாதையில் விபத்து நடக்கவில்லை, காபி விபத்தைத் தடுக்கிறது" என்று சொன்னால் எப்படி? விபத்தில் சிக்கியவர் காபி வரைக்கும் வந்திருக்கவே மாட்டார். மருந்து ஆய்வுகளில் இதே தவறு அடிக்கடி நடக்கிறது. புது மாத்திரை பெரும்பாலும் சிகிச்சையின் மூன்றாவது, நான்காவது வருடத்தில்தான் வரும். அதுவரை உயிரோடு இருந்தவருக்குத்தான் அது கிடைக்கும். அந்தக் காலத்தையும் மருந்தின் கணக்கில் சேர்த்தால், அல்லது இப்படித் தாண்டி வந்தவர்களை இன்னும் தொடக்கத்தில் நிற்பவர்களோடு ஒப்பிட்டால், மருந்து உயிர் காப்பது போலத் தெரியும்.

சிவிடி-ரியல் என்ற ஆய்வு 2017-இல் ஆறு நாடுகளில் 3,09,056 பேரைப் பார்த்துவிட்டு, கிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இறப்பை 51 சதவீதம் குறைக்கின்றன என்றது. குலுக்கல் முறையில் நடந்த எம்பாகிளிஃப்ளோசின் சோதனையில், அதுவும் ஏற்கெனவே இதய நோய் இருந்த ஏழாயிரம் பேரிடம், குறைந்தது 32 சதவீதம். ஆரோக்கியமானவர்கள் அதிகம் இருந்த கூட்டத்தில் பலன் இன்னும் பெரிதாக எப்படி வரும்? கனடா ஆராய்ச்சியாளர் சாமி சுயிஸ்ஸா 2018-இல் இந்தக் காலக் கணக்குப் பிழையைச் சுட்டிக் காட்டினார். மாத்திரை நல்லதுதான், சோதனைகள் அதை நிரூபித்துவிட்டன. ஆனால் 51 என்ற எண்ணை நம்ப வேண்டியதில்லை.

மெட்பார்மின் புற்றுநோயைத் தடுக்கும் என்று வந்த செய்திகளும் இதே வகை. பதிவு ஆய்வுகள் பலவற்றில் பெரிய பலன் தெரிந்தது, அவற்றில் பலவும் காலக் கணக்கில் தவறியவை என்று 2012-இலேயே காட்டப்பட்டது. கடைசியில் சர்க்கரை நோய் இல்லாத 3,649 மார்பகப் புற்று நோயாளிகளிடம் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். 2022-இல் வந்த முடிவு: நோய் திரும்ப வருவதை மெட்பார்மின் தடுக்கவில்லை.

3. யார் பாதியில் போய்விட்டார்கள்? மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர் முதல் மாதமே நிறுத்திவிடுவார். ஐந்து வருடமாகச் சாப்பிடுகிறவர்களை மட்டும் பார்த்தால் மருந்து எல்லோருக்கும் ஒத்துக்கொள்வது போலத்தான் இருக்கும்.

## பிழையை எப்படிக் குறைக்கிறார்கள்?

நல்ல ஆய்வாளர்கள் இப்போது, குலுக்கல் சோதனை ஒன்றை நடத்தியிருந்தால் எப்படி நடத்தியிருப்போமோ அதை முதலில் காகிதத்தில் எழுதுகிறார்கள்: யாரைச் சேர்ப்போம், எந்த மருந்துக்கு எதிராக எந்த மருந்து, எண்ணத் தொடங்கும் நாள் எது. பிறகு பதிவுகளில் அந்த வரையறைக்குப் பொருந்துகிறவர்களை மட்டும் எடுக்கிறார்கள். மருந்தைப் புதிதாகத் தொடங்கியவர்களை மட்டும், அதே கட்டத்தில் வேறொரு மருந்தைத் தொடங்கியவர்களோடு ஒப்பிடுகிறார்கள். மருந்துக்குச் சம்பந்தமே இருக்க முடியாத ஒரு விளைவையும் கூடவே சோதிப்பதுண்டு. மருந்தால் வர வழியே இல்லாத ஒன்றிலும் வித்தியாசம் தெரிந்தால் இரண்டு குழுவும் சமமாக இல்லை என்று அர்த்தம்.

இது வேலை செய்கிறதா என்று 32 குலுக்கல் சோதனைகளை எடுத்துப் பதிவுகளில் மறுபடி செய்து பார்த்தார்கள், 2023-இல் முடிவு வந்தது. சோதனையை நெருக்கமாகப் பின்பற்ற முடிந்த இடங்களில் பதில்கள் நன்றாக ஒத்துப்போயின, முடியாத இடங்களில் விலகின. சுகர் மருந்துகளுக்கென்றே லெஜண்ட் என்ற கூட்டு முயற்சி நடக்கிறது. பல நாடுகளின் பதிவுகளை ஒரே இடத்துக்குக் கொண்டு வராமல், கணக்குப் போடும் நிரலை ஒவ்வொரு இடத்துக்கும் அனுப்பி, முடிவுகளை மட்டும் திரும்ப வாங்குகிறார்கள். நோயாளி விவரம் அந்தந்த மருத்துவமனையை விட்டு வெளியே போவதில்லை. 2024-இல் சுமார் 15 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து அவர்கள் சொன்னது: மெட்பார்மினுக்கு அடுத்துச் சேர்க்கும் மருந்தாக கிளிஃப்ளோசின் வகையும் ஜிஎல்பி-1 வகையும் மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் குறைப்பதில் கிளிமிபிரைடு வகையைவிட மேல். இது குலுக்கல் சோதனைகளோடு ஒத்துப்போகிற பதில், அதனால் நம்பிக்கை கூடுகிறது.

## அப்படியானால் அந்த வாட்ஸ்அப் ஆடியோக்கள்?

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவை கிட்னிக்கும் இதயத்துக்கும் உதவுகின்றன என்பது பெரிய குலுக்கல் சோதனைகளில் உறுதியானது. கீட்டோன் அமிலம் சேரும் ஆபத்தும் உண்மை, அரிதானது, ஆனால் எப்போது வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். சாப்பாடு நின்றுபோனால், வாந்தி பேதி வந்தால், உடம்பில் நீர் வற்றினால், ஆபரேஷன் சமயத்தில், இன்சுலினைத் திடீரென்று குறைத்தால் வரும். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மனுக்கு முழு நாள் விரதம் இருக்கிறவர்களும், அரிசியை அடியோடு விட்டு பேலியோ உணவுக்கு மாறுகிறவர்களும் இந்த மாத்திரையில் இருந்தால் அதற்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெரிய ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். குமட்டல், வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் மெஷினில் சுகர் 180 தானே காட்டுகிறது என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. இந்த வகையில் சுகர் அதிகம் ஏறாமலேயே அமிலம் சேரும், அதனால்தான் டாக்டர்களே சில சமயம் தவறவிடுகிறார்கள்.

ஜிஎல்பி-1 வகையைச் சேர்ந்த செமாகுளூடைடு ஊசி பற்றியும் இதே போலச் செய்தி வருகிறது. பார்வை நரம்புக்கு ரத்தம் தடைபட்டு திடீரென்று பார்வை குறையும் ஒரு நோயோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று 2024-இல் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. ஒரே கண் மருத்துவமனைப் பதிவு என்பதால் அப்போது யாரும் முடிவுக்கு வரவில்லை. 2025 ஜூனில் ஐரோப்பிய மருந்து அமைப்பு எல்லா ஆதாரத்தையும் பார்த்து, மிக அரிதான பக்கவிளைவு, அதிகபட்சம் பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரலாம் என்று சொன்னது. மேலே பார்த்த கணக்கில் சோதனைகள் கண்டுபிடிக்கத் திணறும் அளவு இதுதான்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் பார்க்க வேண்டியவை:

1. குலுக்கல் சோதனையா, பதிவு ஆய்வா, வெறும் புகார்களா?
2. எந்த மருந்தோடு ஒப்பிட்டார்கள்? ஒப்பீடே இல்லை என்றால் அந்தச் செய்தியை அங்கேயே விடலாம்.
3. "50 சதவீதம் கூடுதல்" என்றால், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு?
4. டோஸ் என்ன? பயோகிளிட்டசோன் இங்கே பெரும்பாலும் 7.5, 15 மில்லிகிராமில் எழுதப்படுகிறது, வெளிநாட்டு ஆய்வுகளில் 30, 45 சகஜம்.

செய்தியைப் பார்த்த அன்றே மாத்திரையை நிறுத்துவதில் உள்ள ஆபத்து, செய்தியில் சொன்ன ஆபத்தைவிடப் பெரும்பாலும் பெரியது. அடுத்த விசிட் வரை பொறுக்க முடியாவிட்டால் போனிலாவது கேளுங்கள்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ ஒரு மாத்திரையால் கெடுதல் வந்ததாகச் சந்தேகம் என்றால் அதை நாமே பதிவு செய்ய முடியும். 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது, நோயாளிகளே நிரப்பும் படிவம் தமிழிலும் இருக்கிறது. மருந்தால்தான் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் அதிலேயே கிடைக்கும். எந்தத் தேதியில் ஆரம்பித்தார், எந்தத் தேதியில் பிரச்சினை வந்தது, வேறு என்னென்ன சாப்பிடுகிறார் என்பதை, நாட்டு மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள்.